இதயத்துக்கு ஓர் இறைவை

இதயச் செயலிழப்பு முற்றும்போது இடது கீழறை விரிந்து தளர்ந்து, தன்னுள் வரும் ரத்தத்தில் கால் பங்கைக்கூட மகாதமனிக்குள் தள்ள முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். மருந்துக்கு அடங்காத இந்தக் கட்டத்தில், மாற்று இதயம் கிடைக்கும் வரையிலோ ஆயுள் முழுவதுமோ அந்த அறையின் வேலையை எடுத்துச் செய்வது இதயப் பம்பு.

முதலில் வந்த பம்புகள் துடிப்பைப் போலச் செய்தன. 1966-இல் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, வால்வு அறுவைக்குப் பின் இதயம் தேறாத ஒரு பெண்ணுக்குக் காற்றழுத்தத்தில் இயங்கும் பம்பைப் பொருத்தி, பத்து நாளில் கழற்றினார், அவர் பிழைத்தார். அடுத்த முப்பதாண்டுக் கருவிகளும் பெரும்பாலும் அதே தடத்தில்தான் சென்றன. பை நிரம்பும், சுருங்கும். வால்வு திறக்கும், மூடும். காவிரி டெல்டாவில் வாய்க்கால் மட்டம் வயலுக்குக் கீழே இறங்கினால் இருவர் எதிரெதிரே நின்று, கயிறு பிடித்து, இறைகூடையால் மொண்டு கொட்டியதும் இதே நடையில்தான். இத்தகைய பம்பை மருந்தோடு ஒப்பிட்டு 2001-இல் வெளியான ரீமேட்ச் ஆய்வில் 129 நோயாளிகள் இருந்தனர். ஓராண்டு உயிர் வாழ்ந்தோர் பம்பு வைத்தவர்களில் 52 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதம். இரண்டாம் ஆண்டில் அது 23-க்கும் 8-க்கும் இறங்கியது. கருவி தேய்ந்தது, கிருமித்தொற்றும் விடவில்லை.

திருப்பம் ஓர் ஆற்றங்கரையில் நேர்ந்தது. 1976-இல் எகிப்தில் மருத்துவத் தொண்டுக்குச் சென்றிருந்த அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் வாம்ப்ளர், கிராமத்து ஆட்கள் திருகு உருளையைக் கையால் சுழற்றி ஆற்று நீரைக் கரையேற்றுவதைப் பார்த்தார். ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் பழைய இறைவை அது. தண்ணீர் விட்டுவிட்டு வரவில்லை, இடைவிடாமல் ஏறியது. அவர் உருவாக்கிய ஹீமோபம்ப், பென்சில் அழிப்பான் அளவே இருந்தது; தொடைத் தமனி வழியே இதயத்துக்குள் செலுத்தப்பட்டு நிமிடத்துக்கு 25,000 சுற்றுவரை சுழன்றது. இந்த வேகத்தில் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும் என்றே பலரும் கருதினர். 1988-இல் ஹூஸ்டனில் அது முதன்முறையாக மனிதருக்குப் பயன்பட்டபோது அந்த அச்சம் விலகத் தொடங்கியது. சுழலும் பம்பான ஹார்ட்மேட் 2 பற்றிய 2009 ஆய்வில், ஈராண்டு உயிர் வாழ்ந்தோர் 58 சதவீதம். பழைய துடிப்புப் பம்பில் 24.

இதயத்தை நகலெடுப்பதை நிறுத்திய பிறகே பம்பு நிலைத்தது. அதற்கு விலையாகப் போனது நாடித்துடிப்பு. ரத்தம் தொடர்ந்து ஓடுவதால் மணிக்கட்டில் விரல் வைத்தால் பல நேரம் எதுவும் தட்டுப்படாது. ரத்த அழுத்தம் பார்க்கவும் டாப்ளர் கருவி வேண்டும். நாடி பார்த்தே நோய் சொன்ன மரபுள்ள மண்ணில், துடிப்பில்லாமல் ஒருவர் நடமாடுவது சிறிய மாற்றமல்ல.

தமிழகத்தில் பம்பு அறுவைக்கான அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. வேலூர் சி.எம்.சி.யில் 1961-இல் திறந்த இதய அறுவை நடந்தது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-இல் கே.எம். செரியன் பைபாஸ் செய்தார். 2008-இல் மாநில அரசு மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டத்தை ஒழுங்குபடுத்தியது. 2010-களில் சென்னை அடையாறு போர்ட்டிஸ் மலர் மருத்துவமனையில் கே.ஆர். பாலகிருஷ்ணன் குழு சுழல் பம்புகளைப் பொருத்தியது. தஞ்சைக்கு 1959-இலேயே மருத்துவக் கல்லூரி வந்தபோதிலும், டெல்டா நோயாளிக்கு இந்த அறுவை சுமார் 340 கிலோமீட்டர் தள்ளியே இருந்தது.

ஊர் திரும்பிய பின்தான் கடினமான பகுதி. வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் மின்கம்பி, இடுப்பில் கட்டுப்பாட்டுப் பெட்டி, இரு பேட்டரிகள். கம்பி நுழையும் இடம் நனையக் கூடாது என்பதால் ஆடிப்பெருக்கன்று காவிரியில் முழுக்குப் போட முடியாது. ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரையும் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும். அந்த மாத்திரையின் வேலை மாறாதிருக்கக் கீரையைக்கூட ஒரே அளவில்தான் சாப்பிட வேண்டும். இரவில் உயிர் வீட்டு மின்இணைப்பைச் சார்ந்திருக்கிறது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையைக் கடந்த பின், பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. இத்தகைய மண்ணில் பம்பைத் தருவதோடு மருத்துவமனையின் பொறுப்பு முடியாது. மாற்று மின்சாரத்துக்கும் வழி செய்தாக வேண்டும்.

சுழலியைக் காந்த விசையில் மிதக்கவிடும் ஹார்ட்மேட் 3, 2017-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஐந்தாண்டு உயிர் வாழ்ந்தோர் இதில் 58 சதவீதம், ஹார்ட்மேட் 2-இல் 44. எச்.வி.ஏ.டி. என்னும் மற்றொரு பம்பின் விற்பனை, மூளைத்தாக்கு அபாயத்தாலும் நின்றால் மீண்டும் இயங்காத கோளாறாலும் 2021-இல் நிறுத்தப்பட்டது. இறக்குமதிப் பம்பின் செலவு ஒரு கோடி ரூபாயை ஒட்டி நிற்கிறது. உள்நாட்டிலேயே குறைந்த விலையில் பம்பு செய்யும் ஆய்வு கான்பூர் ஐ.ஐ.டி.யில் நடந்துவருகிறது.