அஜ்மானில் இரட்டைக் குழந்தையின் தகப்பன்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

ஐக்கிய அரபு அமீரகத்தில் பரப்பளவில் மிகச் சிறியது அஜ்மான். அதன் நிலப்பரப்பு சுமார் 259 சதுர கிலோமீட்டர்தான். 1968இல் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 4,200 பேர் வாழ்ந்த அந்தக் கடற்கரை ஊரில் அரை நூற்றாண்டுக்குள் மக்கள்தொகை ஐந்து லட்சத்தை எட்டியதற்கு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களே பெருங்காரணம். துபாயிலோ ஷார்ஜாவிலோ வேலை பார்த்துக்கொண்டு, வாடகை குறைவு என்பதற்காக அஜ்மானில் குடும்பம் வைத்திருக்கும் தமிழர்களின் வீடுகளில், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதும் பால் புகட்டுவதும் நள்ளிரவில் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதும் தகப்பனின் அன்றாட வேலையாகிவிட்டன. இரட்டைக் குழந்தைகள் பிறந்த வீட்டில் அவ்வேலைகளிலிருந்து அவனுக்கு விலக்கே இல்லை. இதை ஆண்களின் மனமாற்றம் என்று கொண்டாடுவோர் உண்டு. ஆனால் இந்தக் கடற்கரையின் பழைய வழக்கத்தையும் தமிழ்க் கடற்கரையின் பழைய வழக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மனத்தைக் காட்டிலும் வாடகையும் விசாவும், பாட்டி பக்கத்தில் இல்லாத குறையுமே இம்மாற்றத்தைப் பெரிதும் உண்டாக்கின என்று தோன்றுகிறது.

எண்ணெய்க்கு முந்தைய அஜ்மானில் தகப்பன் கோடைக்காலம் முழுவதும் ஊரில் இருக்கமாட்டான். கவ்ஸ் எனப்பட்ட முத்துக்குளிப்புப் பருவம் ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் நீடித்தது. படகுத் தலைவனான நகுதாவும், கடலில் மூழ்கும் கைஸும், கயிறு பிடித்து அவனை மேலே இழுக்கும் சைபும் அத்தனை நாளும் படகிலேயே கிடக்க, பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் கரையில் எஞ்சினர், அல்லது வெயில் தாளாமல் பேரீச்சந் தோட்டங்களுக்குப் பெயர்ந்தனர். பிள்ளைப்பேறு மருத்துவச்சியின் கையில் இருந்தது. ஒருத்தியின் பால் போதாதபோது இன்னொருத்தி ஊட்டுவதை இஸ்லாமியச் சட்டம் அனுமதித்ததோடு, அவ்வாறு ஒரே பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைகளை உடன்பிறப்பாக எண்ணி அவர்களுக்குள் மணவுறவையும் விலக்கியது. ரளாஅ எனப்படும் இந்தப் பாலுறவு, இரட்டைக் குழந்தைகளைப் பெற்றவளுக்குக் கைகொடுக்கக்கூடிய ஓர் ஏற்பாடு, அதில் தகப்பனுக்கு வேலையொன்றும் இல்லை. 1929க்குப் பின் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சேர்ந்து முத்துத் தொழிலைச் சாய்த்தன. 1952இல் அமெரிக்க மருத்துவரான சாரா ஹோஸ்மன் பக்கத்து ஷார்ஜாவில் பெண்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கிய பிறகே மருத்துவர் பார்க்கும் பிரசவம் இப்பகுதிப் பெண்களுக்கு எட்டும் தொலைவுக்கு வந்தது.

தமிழ்க் கடற்கரையிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்புக்கு, குறிப்பாக 1905ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் கூடிய பெருங்கூட்டத்துக்கு, கீழக்கரை மூழ்காளர்களும் பாரசீக வளைகுடாவின் அரபு மூழ்காளர்களும் ஒருசேர வந்தார்கள் என்பதால், இவ்விரு கரைகளின் தகப்பன்மார் ஒரே கடலில் மூழ்கியவர்கள் என்றுகூடச் சொல்லலாம். காயல்பட்டினத்தில் மணமான பின் மாப்பிள்ளை பெண்வீட்டில் தங்குவது வழக்கம்; வணிகத்துக்காக ஆண்கள் இலங்கைக்கும் அதற்கு அப்பாலும் சென்று மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் திரும்பாதபோதும் தாயும் பிள்ளையும் தாய்வீட்டுப் பெண்களின் நடுவே பத்திரமாக இருந்தனர். மற்றச் சமூகங்களிலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடந்தது. கால்களை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறக் கிடத்தி வெந்நீர் ஊற்றுவதும், உரைமருந்து புகட்டுவதும், சாம்பிராணி காட்டுவதும், சேலையில் தூளி கட்டுவதும் மூத்த பெண்களின் கைவேலை. ரெட்டைப் பிள்ளை என்றால் ஒன்று அம்மாச்சியிடமும் மற்றொன்று சித்தியிடமும் போகும். தகப்பன் வாசலோடு பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவனுடைய அலட்சியத்தால் மட்டும் விளைந்ததன்று, அவன் இல்லாமலே நடக்கும்படி வீடே அமைக்கப்பட்டிருந்தது.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடாவுக்குப் புறப்பட்ட தமிழர்கள் இந்த ஏற்பாட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள். பேச்சிலர் அறை என்பது, ஊரில் மனைவி மக்கள் இருந்தும் இங்கே தனியாக வாழும் ஆண்கள் கட்டில் கணக்கில் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளும் அறை. அதில் இருந்தவனுக்குப் பிள்ளை பிறந்த செய்தி தந்தியாகவும், அதன் அழுகுரல் ஒலிநாடாவில் பதிந்தும் வந்து சேர்ந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுமுறையில் அவன் ஊருக்குப் போகும்போது பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும். அவன் கட்டிச் சென்ற அட்டைப்பெட்டியில் நீடோ பால்பவுடர் டின் இருக்கும், அவனைக் கண்டு பிள்ளை வீறிட்டு அழும். பணம் அனுப்புவதே தகப்பன்மை என்ற எண்ணம் அக்காலத்தில் உறுதிப்பட்டது. அதைப் பழிப்பதற்கு முன், பலருக்கு வேறு வழி சட்டத்திலேயே இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குடும்பத்தை அழைத்துவரச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது குடியிருப்புடன் 3,000 திர்ஹாம் இருக்க வேண்டும் என்பதுடன், விசாவில் குறித்துள்ள தொழிலும் பார்க்கப்பட்டது. தொழிலைப் பாராமல் வருமானத்தை மட்டும் பார்ப்பது என்ற மாற்றம் 2019இல்தான் வந்தது.

அந்த வரம்பைச் சற்றே தாண்டியவர்களுக்கு அஜ்மான் இடம் கொடுத்தது. நுஐமியாவிலும் ராஷிதியாவிலும் எழுந்த அடுக்குமாடிகளில் ஒரு படுக்கையறை வீடு பிடித்து, காலையிலும் மாலையிலும் துபாய்ச் சாலை நெரிசலில் நேரத்தைக் கரைப்பவர்களே இங்கு வாழும் தமிழ்த் தகப்பன்மாரில் பெரும்பாலோர். அந்த வீட்டில் தூளி கட்ட உத்திரம் இல்லை. ஆகவே இரும்புக் கால்களின்மேல் ஸ்பிரிங்கில் தொங்கும் தொட்டில்கள் இரண்டு கூடத்தை அடைத்துக்கொள்கின்றன. ஜூலையில் மொட்டைமாடித் தொட்டி கொதிப்பதால் குழாயைத் திறந்தால் வெந்நீரே வருகிறது. அனுபவப்பட்ட தகப்பன் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் இருப்பதால் ஆறிப்போன அதன் தண்ணீரைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்குகிறான், அல்லது முந்தின இரவே வாளியில் பிடித்து வைக்கிறான். ஒரு பிள்ளைக்கே இரண்டாம் முறை பால் கொடுத்துவிடும் குழப்பம் நேராதிருக்க ஒன்றின் காலில் கறுப்புக் கயிறு கட்டப்படுகிறது, குடித்த நேரமும் அளவும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதப்படுகின்றன. முப்பது மில்லி நீருக்கு ஒரு கரண்டி மாவு என்ற கணக்கை அரைத்தூக்கத்திலும் பிசகாமல் செய்வது, முன்பு எந்தத் தமிழ் ஆணிடமும் எதிர்பார்க்கப்படாத தேர்ச்சி. ஊரிலுள்ள மாமியார் வீடியோ அழைப்பில் சொல்லச் சொல்ல, மாப்பிள்ளை கால்களை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றும் காட்சியைக் காயல்பட்டினத்துப் பழைய பெண்கள் கண்டால் வாயில் கைவைத்திருப்பார்கள்.

பழைய தகப்பனுக்கு இல்லாத இன்னொரு வேலை தாள்வேலை. அமீரகத்தில் பிறக்கும் வெளிநாட்டவர் குழந்தைக்கு 120 நாளுக்குள் குடியிருப்பு விசா எடுக்க வேண்டும், தவறினால் அபராதம். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழும், வெள்ளைப் பின்னணியில் கண் திறந்த படமும் வேண்டும். இந்தியக் குடியுரிமைச் சட்டமோ வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதியச் சொல்கிறது. இரட்டையர்க்கு இவை அனைத்தும் இரண்டிரண்டு, கட்டணமும் அப்படியே. வெள்ளை விரிப்பில் கிடத்திப் படமெடுக்கும்போது ஒன்று கண் விழித்தால் மற்றது உறங்கிவிடும்.

சட்டம் இந்தத் தகப்பனைக் காண வெகுநாள் பிடித்தது. 1980ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஓராண்டு பணி முடித்த தாய்க்கு 45 நாள் முழுச் சம்பள விடுப்பு தந்தது, தகப்பனைப் பற்றிப் பேசவில்லை. 2020இல் வந்த திருத்தம் தனியார் துறையில் தாய், தகப்பன் இருவருக்கும் ஐந்து வேலைநாள் சம்பள விடுப்பு வழங்கியது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதைத் தொடர்ந்ததோடு, தாயின் மகப்பேறு விடுப்பை 60 நாளாக்கியது. ஓமன் 2023இல் தகப்பனுக்கு ஏழு நாள் தந்தது. இந்தியாவிலோ மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு, தனியார் ஊழியருக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. குழந்தை ஒன்றா இரண்டா என்ற வேறுபாடு அமீரகத்தின் ஐந்து நாள் கணக்கில் இடம்பெறவில்லை. எனினும் பிறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடர்ச்சியாகவோ விட்டுவிட்டோ அந்நாட்களை எடுக்கலாம் என்பது பெரிய வசதி. பிரசவம் பார்க்கச் சுற்றுலா விசாவில் வரும் மாமியார் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார் என்பதால், மருத்துவமனைக்கு இரண்டு நாளைச் செலவிட்டு, மிச்சமிருக்கும் மூன்று நாளை அவர் விமானம் ஏறும் வாரத்துக்கென்று எடுத்துவைக்க அதனால் முடிகிறது.