இணைப்புத் திரட்டல்

இணைப்புத் திரட்டல் என்பது இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையிலோ, ஸ்விட்சுக்கும் சர்வருக்கும் இடையிலோ உள்ள பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்த்து இயக்கும் முறை. நெட்வொர்க் சுமையைப் பகிர்வதும், ஒரு கேபிள் அறுந்தாலும் தொடர்பு நிற்காமல் காப்பதும் இதன் நோக்கங்கள். சிஸ்கோ ஸ்விட்சுகளில் இதற்கு ஈதர்சேனல் என்று பெயர், லினக்ஸில் பாண்டிங்.

தேவை

இரண்டு ஸ்விட்சுகளை வெறுமனே இரண்டு கேபிள்களால் இணைத்தால் வளையம் உண்டாகும். பிராட்காஸ்ட் தகவல்கள் அதில் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கை முடக்கிவிடும். இதைத் தடுக்க, ராடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை ஒரு கேபிளை அடைத்துவைக்கிறது. திரட்டிய போர்ட்டுகளை அது ஒரே போர்ட்டாகக் கொள்வதால், எல்லாக் கேபிள்களும் பயன்படுகின்றன.

வரலாறு

இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் அமெரிக்காவில் இணைந்து நிறுவிய கல்பனா நிறுவனம், 1990இல் முதல் ஈதர்நெட் ஸ்விட்சை வெளியிட்டது. அவருடைய மனைவியின் பெயரே நிறுவனத்துக்கும் வைக்கப்பட்டது. ஈதர்சேனல் அங்குதான் பிறந்தது. 1994இல் கல்பனாவை சிஸ்கோ வாங்கியது. எல்லா நிறுவனங்களின் கருவிகளும் ஒத்துப்போகும்படி, 2000இல் ஐஇஇஇ 802.3ஏடி தரநிலை வந்தது. 2008இல் அது 802.1ஏஎக்ஸ் ஆனது.

செயல்படும் விதம்

இரு முனைகளும், இணைப்புத் திரட்டலைக் கட்டுப்படுத்தும் எல்ஏசிபி நெறிமுறை வழியாக 1 நொடிக்கு அல்லது 30 நொடிக்கு ஒருமுறை செய்தி அனுப்பிக்கொள்கின்றன. மூன்று செய்திகள் தொடர்ந்து வராவிட்டால் அந்தக் கேபிள் விலக்கப்படும். ஒரு முனையாவது ‘ஆக்டிவ்’ நிலையில் இருக்க வேண்டும். இரண்டும் ‘பாசிவ்’ என்றால் திரட்டு உருவாகாது. எல்ஏசிபி இல்லாமல் கையால் அமைத்தால், மறுமுனையில் நேர்ந்த பிழையை ஸ்விட்ச் கண்டறியாமல் போகலாம்.

எந்தத் தகவல் எந்தக் கேபிளில் செல்வது என்பது, அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கொண்டு ஹாஷ் கணக்கால் முடிவாகிறது. தகவல்களின் வரிசை குலையாதிருக்க, ஒரு உரையாடல் முழுவதும் ஒரே கேபிளிலேயே செல்லும்.

வரம்புகள்

ஒரு உரையாடல் ஒரே கேபிளில் செல்வதால், இரண்டு 1 கிகாபிட் கேபிள்களைத் திரட்டினாலும் ஒரே கோப்பை நகலெடுக்கும் வேகம் 1 கிகாபிட்டைத் தாண்டாது. பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் பலன் தெரியும். பெறுநரின் மேக் முகவரியை மட்டும் ஹாஷ் கணக்கிட்டால், ரவுட்டரை நோக்கிய அனைத்தும் ஒரே கேபிளில் குவியும். ஐபி முகவரியையும் டிசிபி போர்ட் எண்ணையும் சேர்த்தால் சுமை பரவும். சிஸ்கோவின் பல ஸ்விட்சுகள் ஹாஷ் விடையை 8 பங்குகளாகப் பிரிப்பதால், 3 கேபிள்களில் அது 3, 3, 2 என விழும். 2, 4, 8 கேபிள்களில் சமமாக விழும்.

அமைக்கும்போது

விருத்தாசலம், வேப்பூர் வட்டாரத்தில் ஒரு பீங்கான் ஆலையின் அலுவலகத்தையும் சூளைக் கூடத்தையும் இரண்டு ஃபைபர்களால் இணைப்பதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், பொக்லைன் ஒருமுறை தோண்டினாலே இரண்டும் அறுந்துவிடும். தனித்தனி வழியில் இழுத்தால்தான் காப்பு. இரண்டும் ஒரே ஸ்விட்சில் முடிந்தால், அது பழுதாகும்போதும் மின்சாரம் இழக்கும்போதும் திரட்டல் உதவாது. அடுக்கு ஸ்விட்சுகளோ, இரண்டு ஸ்விட்சுகளுக்குக் கேபிளைப் பிரிக்கும் எம்சி-லாக் முறையோ பழுதுக்கும், யுபிஎஸ் மின்தடைக்கும் தேவை. நிறுவிய அன்றே ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, தொடர்பு நிற்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அவ்வாறு சோதிக்காத காப்பை நம்பக் கூடாது.