கல்யாண் முதல் பைதான் வரை: ஒரு வணிகச் சாத்தின் வழிச்செலவு

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்க்குக் கல்யாண், ஊரிலிருந்து வரும் தொடர்வண்டி மும்பையை நெருங்கிவிட்டதை உணர்த்தும் சந்திப்பு நிலையம். நாலாசோப்பாரா, மேற்கு இருப்புப் பாதையில் உள்ள நெரிசல் மிக்க புறநகர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்விரு ஊர்களும் தக்காணத்தின் கடல்வாயில்களாக விளங்கின. கல்யாணில் இறங்கிய சரக்கு நாணேகாட் கணவாயில் ஏறி, ஜுன்னரைக் கடந்து, கோதாவரிக் கரையிலிருந்த சாதவாகனர் தலைநகரான பைதானை அடைந்தது.

இவ்வழியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் சரக்குகளின் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. புறப்படுமுன் வணிகன் எந்தெந்தச் செலவைக் கணக்கிட்டிருப்பான் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. வணிகரின் செலவேடு எதுவும் இவ்வழிக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் கல்வெட்டு, நாணயம், நூல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் செலவினங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காண முடிகிறது.

1. சுங்கம்

நாணேகாட், வண்டிகள் ஏற இயலாத செங்குத்தான படிப்பாதை. பொதிமாடும் கழுதையும் தலைச்சுமையாளுமே அங்கு ஏற முடியும். ஆகவே கணவாயின் அடிவாரத்தில் வண்டிச் சரக்கைப் பொதிச் சரக்காக மாற்றும் கூலி, கணக்கின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

கணவாயின் உச்சியில் குடையப்பட்ட குகையில் சாதவாகன அரசி நாகனிகையின் நீண்ட பிராமிக் கல்வெட்டு உள்ளது. 1828இல் வில்லியம் சைக்ஸ் இதனை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அருகில் நிற்கும் பெரிய கற்சாடியைச் சுங்கக் காசு இடுவதற்கான கலம் என்று இன்றைய வழிகாட்டிகள் கூறுகின்றனர். கல்வெட்டோ வேள்விகளையும், அவற்றில் தட்சிணையாக வழங்கிய பசு, குதிரை, யானை, காசு ஆகியவற்றின் எண்ணிக்கையையும் மட்டுமே பேசுகிறது. இந்திய எண்குறிகளின் வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. சுங்கத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சாடி சுங்கக் கலம் என்பது ஏற்கத்தக்க ஊகம். சான்று என்று அதனைக் கூற இயலாது.

சுங்கத்தின் அளவை உணர அர்த்தசாத்திரம் உதவுகிறது. எல்லைக் காவல் அதிகாரி வழிவரியாக ஒரு வண்டிச் சரக்குக்கு ஒன்றேகால் பணமும், குதிரை போன்ற ஒற்றைக் குளம்பு விலங்குக்கு ஒரு பணமும், மாட்டுக்கு அரைப் பணமும், சிறு விலங்குக்குக் கால் பணமும், தோட்சுமைக்கு ஒரு மாடமும் பெற வேண்டும் என்கிறது அந்நூல். வழியில் களவு போனதையும் தொலைந்ததையும் அவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி இதனை அடுத்து வருகிறது. அவ்வகையில் வழிவரி, காப்பீட்டுக் கட்டணத்தின் தன்மையையும் பெறுகிறது. அர்த்தசாத்திரம் ஒரு நெறிநூல்; கொங்கணத்தின் நடைமுறைப் பதிவு ஆகாது. அதன் எண்களை அளவுகோலாக மட்டுமே கொள்ள வேண்டும்.

2. ஆறும் தங்குமிடமும்

அதே நூல் ஓடக்கூலியையும் வகுத்துள்ளது: மாடு பூட்டிய நடுத்தர வண்டிக்கு 6 மாடம், பெரிய வண்டிக்கு 7, ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 4. பேராறுகளில் இக்கூலி இரு மடங்கு.

இவ்விடத்தில் நாசிக் பாண்டவலேணி 10ஆம் குகைக் கல்வெட்டைக் கருத வேண்டும். சத்ரப அரசன் நகபானனின் மருமகன் உஷவதாதன், இபா, பாரதா, தமணா, தாபி, கரபேணா, தாகனுகா ஆகிய ஆறு ஆறுகளில் கட்டணமில்லா ஓடங்களை ஏற்படுத்தியதையும், அவற்றின் இரு கரைகளிலும் மண்டபங்களும் தண்ணீர்ப்பந்தல்களும் அமைத்ததையும் அது குறிப்பிடுகிறது. பரூச், தசபுரம், கோவர்த்தனம், சோப்பாரா ஆகிய நான்கு இடங்களில் அவன் தங்குமிடங்களும் கட்டுவித்தான். தமணா இன்றைய தமன்கங்கா. தாகனுகா, தஹாணு என்ற பெயரில் இன்றும் புறநகர்த் தொடர்வண்டிப் பலகையில் காணப்படுகிறது.

அர்த்தசாத்திர அளவில், நடுத்தர வண்டியொன்று இந்த ஆறு ஆறுகளையும் ஒருமுறை கடக்க 36 மாடம் ஆகும். 16 மாடம் ஒரு பணம் என்ற கணக்கில் இது இரண்டேகால் பணம். பேராற்றுக் கூலியைச் சேர்த்தால் தொகை மேலும் உயரும். ஐம்பது வண்டி கொண்ட சாத்துக்கு நூறு பணத்துக்கு மேற்பட்ட செலவு ஒரே கொடையால் நீங்கியிருக்கும். சமயப் புண்ணியமாக எழுதப்பட்டது, வணிகனின் கணக்கில் செலவுக் குறைப்பாகப் பதிவாகியிருக்கும்.

3. முதலும் வட்டியும்

நாசிக் 10ஆம் குகையின் மற்றொரு கல்வெட்டில் அதே உஷவதாதன் 3000 கார்ஷாபணங்களைக் கோவர்த்தனத்து நெசவாளர் குழுக்களிடம் நிலைமுதலாக வைக்கிறான். ஒரு குழுவிடம் 2000. வட்டி நூற்றுக்கு மாதம் 1. மற்றொன்றிடம் 1000, வட்டி நூற்றுக்கு மாதம் முக்கால். முதலைத் திரும்பப் பெறுதல் இல்லை. வட்டியை மட்டுமே துய்க்கலாம். பிற்காலச் சோழர் கல்வெட்டுகளில் வரும் பொலியூட்டு முறைக்கு இது மிக அணுக்கமானது.

முதல் தொகையின் ஆண்டு வட்டி 240. குகையில் தங்கும் 20 துறவியருக்கு ஆளுக்கு 12 கார்ஷாபணம் ஆடைக்கு என்று கல்வெட்டு கூறுவதும் மிகச் சரியாக 240. எழுதியவர்க்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

வணிகனுக்கு இவ்வெண்கள் வேறொன்றை உணர்த்துகின்றன. இடரின்றிக் குழுவிடம் வைத்த பணமே ஆண்டுக்கு 9 முதல் 12 விழுக்காடு தந்தது. ஆகவே ஆயிரம் கார்ஷாபணத்தைச் சாத்தில் இட்டவன், கூலியும் சுங்கமும் தீவனமும் போக 120க்கு மேல் ஈட்டவில்லையெனில், வீட்டிலிருந்திருப்பதே மேல். வழிச்செலவுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத பெருஞ்செலவு இதுவே.

4. அரசியல் இடர்

பொ.ஆ. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கையேடு, கல்யாண் முன்னர் முறையான துறைமுகமாக இருந்தது என்றும், சந்தனேஸ் என்பவன் கைப்பற்றிய பின் அங்கு வணிகம் தடைப்பட்டது என்றும், தவறி அங்கு வரும் கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரூச்சுக்குக் கொண்டுசெல்லப்படும் என்றும் தெரிவிக்கிறது. பைதான் பரூச்சிலிருந்து தெற்கே 20 நாள் வழி. தேர் அங்கிருந்து கிழக்கே 10 நாள். பாதையற்ற பெருவெளிகளினூடே வண்டிகளில் சரக்கு வந்ததாகவும் அந்நூல் கூறுகிறது. அருகிலிருந்த துறை மூடப்பட்டதால், கடலேறும் சரக்கு 20 நாள் தீவனத்தையும் கூலியையும் சுமக்க நேர்ந்தது.

அடுத்து வந்த மாற்றத்தை நாணயங்கள் காட்டுகின்றன. 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் கிடைத்த 13,250 வெள்ளிக் காசுகளுள் மூன்றில் இரு பங்குக்கு மேற்பட்டவை, நகபானனின் காசுகள்மீது கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையைப் பொறித்தவை. ஓடத்தை இலவசமாக்கிய ஆட்சி இவ்வாறு முடிந்தது.

5. கல் சொல்வதும் சொல்லாததும்

எகிப்தில் நைல் கரையின் கோப்டோசில் பொ.ஆ. 90இல் நாட்டப்பட்ட கல்வெட்டு, செங்கடல் வழியில் செல்வோருக்கான கட்டணப் பட்டியல்: மாலுமிக்கு 5 திரக்மா, பாய்மரத்துக்கு 20, பரத்தையர்க்கு 108. அங்கு அரசு தான் பெறுவதைக் கல்லில் எழுதியது. தக்காணத்தில் அரசு தான் கொடுத்ததைக் கல்லில் எழுதியது. நாசிக், நாணேகாட் கல்வெட்டுகளை மட்டும் படிப்பவர்க்கு இவ்வழி அறத்தால் நடந்ததாகத் தோன்றும். வேள்விக்கும் ஓடத்துக்கும் செலவான பணம் எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதை அவை கூறுவதில்லை.

இந்த இடைவெளியில் தமிழ்ச் சான்றுகள் பயன்படுகின்றன. பெரும்பாணாற்றுப்படை மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்தையும், சுங்கம் பெறும் பெருவழியைக் காக்கும் வில்வீரரையும் காட்டுகிறது. பட்டினப்பாலை புலிச் சின்னம் பொறிக்கும் சுங்க அலுவலரைக் காட்டுகிறது. குறள் உல்கினை வேந்தனின் பொருளுள் ஒன்றாக எண்ணுகிறது. உல்கு, சுங்கம் ஆகிய இரு சொற்களும் 'சுல்க' என்ற வடசொல்லோடு தொடர்புடையன. சாத்து என்பது 'சார்த்த' என்பதன் பிராகிருத வடிவான 'சத்த' வழியாக வந்தது. சுங்கமும் சாத்தும் பெருவழியில் நடந்தபோது அவற்றின் பெயர்களும் உடன் நடந்துள்ளன.

எதிர்த்திசைப் பயணத்துக்கும் தடயம் உண்டு. 1882இல் பகவான்லால் இந்திரஜி சோப்பாரா தூபியை அகழ்ந்தபோது யக்ஞசிறீ சாதகர்ணியின் வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. இவ்வகைக் காசுகளின் ஒரு பக்கம் பிராகிருதம். மறுபக்கம் தமிழ் என்று சிலரும் தமிழுக்கு நெருங்கிய திராவிட மொழி என்று சிலரும் கருதும் தொடர். இதைக் கொண்டு அன்றே மும்பையில் தமிழ்க் குடியிருப்பு இருந்தது என்று முடிவு கட்டுவது பிழை. செம்பூரைப் பெயரொப்புமை கொண்டு கன்னேரிக் கல்வெட்டின் செமுலாவோடு இணைப்பதும் அத்தகையதே. அது சௌல் துறைமுகம் என்பதே வலுவான கருத்து. தென்மொழியொன்று காசில் ஏறும் அளவுக்கு அம்மொழி பேசியோர் அரசின் நாணயப் புழக்கத்துக்குள் இருந்தனர் என்பது மட்டுமே இதனால் உறுதியாகிறது.

மாட்டுங்காவிலிருந்து கல்யாணுக்குப் புறநகர் வண்டி, அங்கிருந்து முர்பாடு வழியாக நாணேகாட் அடிவாரம்: ஒரு நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவு இது. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர், கற்சாடியைப் படமெடுப்பதோடு அமையாமல், பாதையின் படிகளில் பொதிமாடு நிற்கத்தக்க அகலம் எங்கெங்கு உள்ளது, நீர்த்தொட்டிகள் எத்தனை, எவ்வளவு ஏற்றத்துக்கு ஒன்று என அளந்து வருவது நன்று. சுமையும் நேரமும் தெரிந்தால் கூலியைக் கணிக்கலாம். கல்வெட்டுகள் எழுதாது விட்ட செலவேட்டின் ஒரு பகுதியேனும் அவ்வாறு நிரம்பும்.