உப்பளத்துப் பாதமும் போலம்பாக்கத்து மரத்தடியும்

ஈ.சி.ஆர். சாலையில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி ஒரு போட்டோவாவது எடுப்பார்கள். நானும் எடுத்தேன். வரப்போரம் உட்கார்ந்திருந்த பெரியவரின் பாதம் உப்புத் தண்ணியில் ஊறி வெடித்திருந்தது. "எரியலையா ஐயா?" என்று கேட்டேன். "எரியுதே தம்பி. எரிஞ்சாத்தானே காலைப் பார்த்து வைக்க முடியும்" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை. எரிச்சலே தெரியாத பாதம் என்ன ஆகும்? தொழுநோயில் அதுதான் நடக்கிறது. 1873-இல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்த கிருமி நரம்பைத் தாக்க, தோல் மரத்துப்போகிறது. முள் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. புண் ஆழமாகி, விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகின்றன. பல ஊனங்களுக்குக் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

இயேசு தொழுநோயாளியைத் தொட்டார் என்று நற்செய்திகள் சொல்கின்றன. ஆனா அவர் பெயரால் நடந்த சேவையிலும் நெடுங்காலம் ஒரு மதில் இருந்தது. ஊருக்கு வெளியே இல்லம் கட்டி, சோறு போட்டு, மருந்து கட்டினார்கள். அதில் அன்பு இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனால் உள்ளே போனவருக்குக் குடும்பமும் தொழிலும் போயிடும். அதற்குப் பயந்து பலர் நோயை மறைத்தார்கள். வீதியில் பிச்சையெடுக்கும் நோயாளிகளைப் பிடித்து அடைக்க 1898-இல் தனிச் சட்டமே வந்தது. அது நீக்கப்பட்டது 2016-இல்தான்!

மரக்காணத்திலிருந்து வடக்கே, மதுராந்தகம் பக்கம் இருக்கிறது போலம்பாக்கம். 1955-இல் பெல்ஜியத்து மருத்துவர் ஃபிரான்ஸ் ஹெமரிக்ஸ் அங்கே தொழுநோய் மையம் தொடங்கினார். காங்கோவில் பல ஆண்டுகள் தொழுநோயாளிகளுக்காக உழைத்தவர். கூட வந்தவர் இளம் மருத்துவர் கிளேர் வெல்லூ. இருவரும் கத்தோலிக்கர்கள்.

அவர்கள் செய்த மாற்றம் கேட்கச் சின்னது. நோயாளியை மையத்துக்கு வரச் சொல்வதற்குப் பதிலாக, குறித்த நாளில் வண்டியில் கிராமங்களுக்குப் போனார்கள். சாலையோர மரத்தடிதான் மருத்துவமனை. அங்கேயே பரிசோதனை, புண்ணுக்குக் கட்டு, மாத்திரை. 'மரத்தடி மருத்துவம்' என்று அந்த முறை பெயர் பெற்றது.

இதற்கு வழிவிட்டது டாப்சோன் மாத்திரை. விலை மலிவு, வாயில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வருஷக்கணக்கில் விடாமல் சாப்பிடணும். அத்தனை வருஷம் ஒருவரை மதிலுக்குள் வைப்பதைவிட, அவர் கழனி வேலையைப் பார்த்துக்கொண்டே மரத்தடிக்கு வந்துபோவது நல்லதுதானே? மருத்துவமும் மரியாதையும் ஒரே இடத்தில் சந்தித்தன.

ஹெமரிக்ஸ் சில ஆண்டுகளில் கிளம்பிவிட்டார். வெல்லூ பல பத்தாண்டுகள் இருந்தார். இந்தியக் குடியுரிமை பெற்றார். 2013-இல் மறைந்தார். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்த பிறகு சிகிச்சைக்காலம் வெகுவாகக் குறைந்தது.

நோய் போனாலும் மரத்த பாதம் திரும்புவதில்லை. அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொழுநோயிலிருந்து குணமானவர்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறது.

சிறப்புத் தேவை உள்ளவர்களுக்கு உதவுறோம்னு சொல்லும்போது, பெரும்பாலும் நமக்கு வசதியான இடத்துக்கு அவர்களை வரச் சொல்கிறோம். போலம்பாக்கத்தில் டாக்டர்கள் எழுந்து போனார்கள். எனக்கு அந்த அன்பின் அளவுகோல் அந்தத் தூரம்தான். உங்க ஊரில் அப்படி ஒரு மரத்தடி இருக்கா, யோசிச்சுப் பாருங்க.