றங்குப் பெட்டிக்குள் ஒரு மந்திரி

2007இல் முள்ளிக்குளத்தை விட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மா தலையில் தூக்கிவந்தது ஒரேயொரு றங்குப் பெட்டி. காணி உறுதி, ஞானஸ்நானப் பத்திரம், கலியாணப் படம் எல்லாம் அதற்குள். எங்களைக் கிளம்பச் சொன்னவர்கள் எழுத்தில் ஒன்றும் தரவில்லை. வாய்ச்சொல்தான்.

பல வருஷம் கழித்து, உறுதியைப் போட்டோப் பிரதி எடுக்கவென்று பெட்டியைக் கவிழ்த்தபோதுதான் அடியில் ஒட்டியிருந்த பேப்பரைப் பார்த்தேன். கோதுமைமாப் பசை போட்டு ஒட்டியது. பூச்சி தின்றது போக மிஞ்சிய தலைப்பு: ‘...ணமாச்சாரி ராஜினாமா’. கீழே ‘நிதி மந்திரி’ என்ற சொல் இரண்டு இடத்தில். பத்திரிகையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

ஆள் யாரென்பதில் குழப்பமில்லை. ‘டி.டி.கே.’ என்ற டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1899இல் சென்னையில் ஒரு நீதிபதியின் மகனாகப் பிறந்தவர். தகப்பன் வழியில் கோர்ட்டுக்குப் போகாமல் 1928இல் விநியோகக் கம்பனி தொடங்கியவர். லீவர் பிரதர்ஸ் சவர்க்காரத்தைத் தென்னிந்தியக் கடைகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய ஏஜென்சி. 1937இல் சென்னைச் சட்டசபைக்குத் தெரிவானார். பிறகு வியாபாரம் பிள்ளைகள் கைக்குப் போக, அவர் டெல்லிக்குப் போனார். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்தார். 1948 நவம்பர் 5ஆம் திகதி அரசியல் நிர்ணய சபையில் எழும்பி, குழுவில் மற்றவர்கள் ஒவ்வொரு காரணத்தால் ஒதுங்கிப்போக முழுப் பாரமும் அம்பேத்கரின் தோளில் விழுந்ததென்று சொன்னவரும் அவரே. 1952இல் வர்த்தக, கைத்தொழில் மந்திரி. 1956இல் நிதி மந்திரி. கடைக்காரருக்குச் சவர்க்காரம் விற்ற மனுஷன் 1957இல் செல்வ வரி, செலவு வரி என்று பணக்காரர் மடியிலேயே கை வைத்தது எனக்கு இன்றைக்கும் பிடித்த சங்கதி.

சிக்கல் வேறு இடத்தில். அவர் நிதி மந்திரிப் பதவியை இரண்டு தரம் விட்டவர். முதல் தரம் 1958 பெப்ரவரியில். 1963இல் திரும்பவும் அதே நாற்காலியில் வந்து இருந்து, 1965 டிசெம்பர் 31இல் மறுபடி எழுந்துபோனார். பெட்டிக்குள் இருப்பது எது?

“பெட்டி எப்ப வாங்கினது, அம்மம்மா?”

“என்ர கலியாணத்துக்கு. அறுபத்தாறு.”

போதுமென்று நினைத்தேன். இரண்டாம் ராஜினாமாதான். பிள்ளைகளின் கம்பனிகள் சம்பந்தமாக எழுந்த குற்றச்சாட்டை, பிரதமர் சாஸ்திரி தானே தள்ளிவிடாமல் பிரதம நீதியரசரின் அபிப்பிராயம் கேட்க நினைத்தார். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு இவர் விலகினார். இரண்டு கிழமைக்குள் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்துபோனார். யாழ்ப்பாண நூலகத்தின் பழைய கட்டுகள் 1981இல் எரிந்துவிட்டதால் கொழும்புக்கு பஸ் ஏறினேன். சுவடிகள் திணைக்களத்தில் 1966 ஜனவரிப் பத்திரிகைகளை மூன்று நாள் புரட்டினேன். எழுத்து அச்சும் பொருந்தவில்லை, பத்தி அகலமும் பொருந்தவில்லை.

ஊருக்கு வந்து, செய்ய வேண்டிய முதல் வேலையைக் கடைசியாகச் செய்தேன். ஈரத்துணி போட்டு, பேப்பரின் ஒரு மூலையை மெல்ல உரித்துப் பின்பக்கம் பார்த்தேன். ஏதோ விளம்பரம், விலை ‘ந.பை.’ என்று போட்டிருந்தது. எங்கள் நாட்டில் சதம். நயா பைசா இந்தியாவில் 1957 ஏப்ரலில் வந்து, 1964 ஜூனோடு ‘நயா’வை இழந்து வெறும் பைசாவானது. இன்னும் அரை அங்குலம் உரித்தால் ரயில், கப்பல் நேர அறிவித்தலின் துண்டு. அதில் ‘தனுஷ்கோடி’. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகு தலைமன்னார்க் கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. இல்லாத துறைக்கு 1966இல் யார் நேரம் போடுவார்கள்?

ஆக, 1958. கப்பலில் வந்த இந்தியப் பேப்பர். அம்மம்மாவிடம் சொன்னேன். “புதுப் பெட்டிக்குப் பழைய பேப்பர்தானே ஒட்டுவினம்?” என்றா. கொழும்புக்குப் போன பஸ் காசு மிஞ்சியிருக்கும்.

பிறகு சென்னைக்குப் போன சமயம் கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து 1958இன் கதையைத் தேடி வாசித்தேன். அரசு புதிதாகத் தொடங்கியிருந்த ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம், 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பனிப் பங்குகளைச் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கேட்கவேயில்லை. டிசெம்பரில் லோக் சபாவில் அதைப் பிட்டுவைத்தவர் பெரோஸ் காந்தி, பிரதமர் நேருவின் சொந்த மருமகன். பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். உள்ளே இடம் போதாமல் வெளியில் நின்ற சனத்துக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள்.

நான் தேடியது ஒரு கையெழுத்தை. ‘வாங்கலாம்’ என்று மந்திரி எழுதிய ஒரு வரி. அப்படியொன்று இல்லை. மந்திரி சம்மதித்தார் என்பது நிதிச் செயலாளர் எச். எம். பட்டேலின் சாட்சியம், தான் அங்கீகரிக்கவில்லை என்பது மந்திரியின் சாட்சியம். பேச்சுத்தான் நடந்தது, எழுத்து நடக்கவில்லை. செயலாளர் செய்ததற்கு மந்திரியே பொறுப்பு, கீழே உள்ளவர் தலையில் போட்டுவிட்டுத் தப்ப முடியாது என்று சாக்ளா முடித்தார். கிருஷ்ணமாச்சாரி விலகினார். பட்டேலோ 1977இல் ஜனதா ஆட்சியில் தானே நிதி மந்திரியானார்; அதை வாசித்தபோது சிரிப்பு வந்தது.

கிருஷ்ணமாச்சாரி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஏஜென்சி நடத்திய ஆளுக்குத் தலையாட்டலே உத்தரவாக இருந்திருக்கும். தலையாட்டியதே பிறகு மறந்தும் போயிருக்கும்.

இதையெல்லாம் அம்மம்மாவுக்குச் சொல்லி முடிக்க ஒரு பின்னேரம் ஆனது. மீன் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தா.

“அப்ப ஆரும் எழுதிக் குடுக்கேல்லையோ?”

“இல்லை.”

“எண்டாலும் அந்த ஆளைப் பிடிச்சுக் கேட்டவங்கள்தானே?”

“ஓம். எல்லாருக்கும் முன்னால வச்சுக் கேட்டவங்கள்.”

கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, உரித்த மூலையைப் பழையபடி படிய வைத்தா. அதன்மேல் காணி உறுதியை வைத்துப் பெட்டியை மூடினா.