மீத் கம்ர் தரும் படிப்பினை



ஓர் ஊரில் வட்டியில்லாக் கடன் நிதியைத் தொடங்குவது எளிது. பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அதன் கதவு திறந்திருப்பதே அரிது. நல்லெண்ணம் குன்றுவதால் மட்டும் இத்தகைய நிதிகள் மூடப்படுவதில்லை. செலவுக்கு வருவாய் எங்கிருந்து வரும் என்று தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்காததாலும் மூடப்படுகின்றன. இதில் நமக்கு எகிப்தின் வரலாறு ஒரு பாடம் வைத்திருக்கிறது.

நைல் நதியின் கழிமுகத்தில் மீத் கம்ர் என்றொரு நகரம் உள்ளது. 1963-ஆம் ஆண்டு பொருளியல் அறிஞர் அஹ்மத் அந்நஜ்ஜார் அங்கு ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஜெர்மனியில் பயின்ற அவர், அந்நாட்டு உள்ளூர்ச் சேமிப்பு வங்கிகளின் அமைப்பை எடுத்துக்கொண்டு, வட்டியை மட்டும் விலக்கினார். வட்டிக்கு அஞ்சி வங்கியின் வாசலை மிதிக்காத எளிய மக்களே அவர் நாடியவர்கள்.

அவ்வங்கியில் மூவகைக் கணக்குகள் இருந்தன. சேமிப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. பணத்தை வேண்டும்போது திரும்பப் பெறலாம். தேவை நேர்ந்தால் சேமித்தவர் வட்டியில்லாச் சிறுகடனும் கேட்கலாம். முதலீட்டுக் கணக்கின் பணம் தொழில்களில் பங்காக இடப்பட்டு, இலாபம் பகிர்ந்துகொள்ளப்பட்டது. ஜகாத்தும் கொடைகளும் தனி நிதியாக வறியவர்களுக்குச் சென்றன.

இப்பிரிவினையைச் சற்றுச் சிந்தியுங்கள்! அழகிய கடன் வருவாய் ஈட்டாது. ஆகவே நிறுவனம் நிலைத்திட ஹலாலான தொழில் வருவாய் வேண்டும். ஏழையின் பங்கு அலுவலகச் செலவில் கரையாதிருக்க ஜகாத் தனித்தே நிற்க வேண்டும். கடனைத் திருப்பித் தராதவரோ தம் அண்டை வீட்டாரின் சேமிப்பையே தடுத்து வைத்தவராகிறார்.

வங்கி பல கிளைகளாக வளர்ந்தது. எனினும் 1967-இல் அரசு வங்கிகளின் பொறுப்புக்குள் சென்று, அதன் வட்டியில்லா முறை முடிவுற்றது. 1971-இல் எகிப்து அரசே வட்டியில்லா நாஸிர் சமூக வங்கியை நிறுவியது. கணக்கு செம்மையாக இருந்தால் மட்டும் போதாது, சட்டத்தின் பாதுகாப்பும் வேண்டும் என்பதும் இதில் அடங்கிய பாடம்.

நமது மஹல்லாவின் பைத்துல்மாலை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். அதன் செலவு எதிலிருந்து நடக்கிறது? ஜகாத் தனியே காக்கப்படுகிறதா? கடன்கள் எழுதப்படுகின்றனவா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதன்றோ!

வாங்கிய கடனை உரிய நாளில் திருப்பித் தந்து, பிறருக்குத் திறந்த கதவை மூடாமல் காப்போராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.