விடுதிப் பூட்டிலிருந்து விசாகா கமிட்டிவரை

இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் மாணவியரின் பாதுகாப்பு என்றாலே விடுதிக் கதவை மாலையில் பூட்டுவது என்றுதான் பொருள்கொள்ளப்பட்டது. தவறு செய்பவன் வெளியே திரிய, பாதிக்கப்படக்கூடியவள் உள்ளே அடைபட்டாள். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கே உரியது என்று சொன்னது 1997 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய விசாகா தீர்ப்பு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பெண் பணியாளர் ஒருவர் 1992இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானதையொட்டி எழுந்த வழக்கு அது. ஒவ்வொரு நிறுவனமும் பெண் தலைமையில் புகார்க் குழு அமைக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. அடுத்த ஆண்டே சென்னைச் சாலையில் சில ஆண்களின் அத்துமீறலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார். தமிழ்நாடு அரசு உடனே தனிச் சட்டம் கொண்டுவந்து, கல்வி நிலையப் பொறுப்பாளர்களுக்கும் தடுக்கும் கடமையை விதித்தது.

ஆனால் நிர்வாகம் தானே ஆள் பொறுக்கி அமைக்கும் குழுவிடம், அதே நிர்வாகத்தின் பேராசிரியர்மீது எந்த மாணவி துணிந்து புகார் கொடுப்பாள்? டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999இல் இதற்கு விடை கண்டது. அங்கு அமைந்த குழுவில் மாணவர், ஆசிரியர், ஊழியர் ஆகியோரின் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் வந்தார்கள். விசாரணையோடு விழிப்புணர்வுப் பணியும் அதன் வேலையாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் இந்தத் திசையிலேயே அமைந்தன: மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்கள் குழுவில் இருக்க வேண்டும்; துணைவேந்தர், பதிவாளர், துறைத்தலைவர் போன்றோர் இருக்கக் கூடாது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவியர் விடுதிக்கு மட்டும் கூடுதல் கட்டுப்பாடு விதிப்பதையும் அவை தடுத்தன.

தேர்தல் வந்தால் மாணவர் அரசியல் விசாரணையைக் கெடுக்கும் என்பது ஒரு மறுப்பு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் குழு 2017இல் கலைக்கப்பட்டபோது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் உள்ளகக் குழுவே போதும் என்ற வாதமும் எழுந்தது. சார்பு என்ற ஆபத்து உண்மைதான். ஆனால் மதிப்பெண்ணையும் ஆய்வுப் பட்டத்தையும் கையில் வைத்திருப்பவர்களின் சார்பு அதைவிடப் பெரிது. நிறுவனத்தைச் சாராத வெளி உறுப்பினரும், ரகசியம் காக்கும் சட்டக் கடமையும் முதல் ஆபத்தைக் கட்டுப்படுத்தும்; இரண்டாவதைக் கட்டுப்படுத்த மாணவரின் இருக்கை தேவை. இன்னொரு மறுப்பு பெற்றோருடையது: பூட்டினால் பயமில்லையே என்கிறார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் பகலில் நடப்பதை இரவுப் பூட்டு தடுக்காது. தாமதமாக வந்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்று அஞ்சுபவள், தனக்கு நேர்ந்ததையும் சொல்லமாட்டாள்.

மாணவியர் நம்பிப் பேசக்கூடிய இடம் இருக்கும்போதுதான் தடுப்பு தொடங்குகிறது என்பதே இந்த வரலாறு தரும் முடிவு. பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும் பெற்றோர், விடுதி எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். விசாகா கமிட்டி எனப்படும் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அதன் மாணவ உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.